நாலு வரியும் நாலு பேரும்

கதை எழுத மனநிலை வாய்க்க வேண்டும் என்பவர்கள் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டிப் பார்க்கலாம். புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷ் (மொழிபெயர்ப்பாளர்), பெரிய வியாபாரி. ஓய்வுக்கும் அவருக்கும் வெகுதூரம். ஆனாலும் 1736இல், நள வருடம் ஆவணியில் தொடங்கி 1761 ஜனவரி வரை எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டார்கள், எத்தனை நாழிகைக்குக் கவர்னர் கூப்பிட்டனுப்பினார், யார்மேல் யார் கோள் சொன்னார்கள் என்பவையே ஏராளம். பல பக்கங்கள் சலிப்பூட்டும். கிடைத்திருப்பவற்றில் இடைவெளிகளும் உண்டு. இது எழுதத் தகுந்ததுதானா என்று அவர் தினமும் தராசு பிடிக்கவில்லை. கால் நூற்றாண்டு கை ஓயாததற்கு அதுவே காரணம் என்பேன்.

நாட்குறிப்பு வேறு, கதை வேறு அல்லவா? நியாயமான கேள்விதான். பிள்ளையின் குறிப்புகள் 1846 வாக்கில்தான் வெளியே தெரிந்தன. அவற்றை நாவலாக்கப் பிரபஞ்சன் வரவேண்டியிருந்தது: ‘மானுடம் வெல்லும்’, பிறகு 1995இல் சாகித்ய அகாதமி விருது பெற்ற ‘வானம் வசப்படும்’. அந்தக் கோளும் பீரங்கி மரியாதையும் பதிவாகாமல் போயிருந்தால் அவருக்கு ஏது சரக்கு? குறித்துவைப்பது ஒருவர், வாசகருக்குச் சொல்வது இன்னொருவர் என்று அங்கே வேலை பிரிந்தது. இன்று எழுத உட்காருபவர் இரண்டையும் தானே செய்ய வேண்டும்; அன்றாடம் நாலு வரி, மாதம் ஒருமுறை நாலு பேர் முன் ஒரு கதை.

அன்றாடம் எதைக் குறிப்பது என்கிறீர்களா? புதுச்சேரியைச் சேர்ந்த இந்த நெட்டப்பாக்கத்தில் குறிக்க விஷயமா இல்லை? புதுச்சேரி நகரம் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோதே, 1954 மார்ச் இறுதியில் இங்கே மூவர்ணக் கொடி ஏறிவிட்டது. இன்றும் மடுகரைப் பக்கம் கொஞ்சம் நடந்தால் தமிழ்நாடு. ரேஷன் கார்டு ஓர் அரசாங்கத்தில், பெண் கொடுத்த வீடு இன்னொன்றில். கரும்பு வெட்டுக்கூலிப் பேரத்தில் விழும் ஒரு வசவை அப்படியே எழுதிவைத்தால் போதும், பாத்திரம் பாதி எழுந்துவிடும். வேலைக்குப் போகிறவருக்கு நேரம் ஏது என்பது பழைய சாக்கு. வில்லியனூரில் பிறந்த கவிஞர் வாணிதாசன் பள்ளி ஆசிரியர். அவருக்குப் பாடம் சொன்ன பாரதிதாசனும் அப்படியே. கரிசல் விவசாயி கி.ரா. முப்பதைத் தாண்டித்தான் கதை எழுத வந்தார்.

நாலு பேரிடம் அரைகுறையாகக் காட்டினால் கதை கெட்டுவிடும் என்ற பயத்தில் பாதி உண்மை உண்டு. மனதில் இருப்பதை டீக்கடையில் சொல்லித் தீர்த்துவிட்டால் வீட்டுக்கு வந்து எழுத ஒன்றும் மிஞ்சாது. ஆகவே சொல்லக் கூடாது. எழுதி முடித்ததை உரக்க வாசிக்க வேண்டும். ‘நல்லா இருக்கு’ என்ற வார்த்தையைவிட, கேட்டவர் எந்த இடத்தில் செல்போனை எடுத்தார் என்பது பயன்படும். வாசிப்புக்குத் தேதி குறித்துவிட்டால் முடிக்காமல் தப்பவும் முடியாது.

நிஜமான தடை வேறு. சின்ன ஊரில் பெயரை மாற்றினாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பங்காளிச் சண்டையை எழுதினால் அடுத்த காதுகுத்துக்கு அழைப்பு வராது. தொழிலை மாற்றலாம், அண்ணனை அக்காவாக்கலாம். அதுவும் போதாதென்றால் நெட்டப்பாக்கத்துக் கதையை முதலில் வேறு ஊரில், பாகூரில் வாசிக்கலாம்.