தொட்டிக்குள்ளே ஒரு சிவப்புச் செடி



கலர் மீன் கடைக்குப் போனால் நாம் எல்லோரும் மீனைத்தான் பார்ப்போம். அடுத்த தடவை செடியையும் பாருங்கள். செங்கல் நிறத்தில், ஓரம் நெளிநெளியாக இலை உள்ள செடி ஒன்று இருக்கும். அதன் பெயர் கிரிப்டோகோரைன் வெண்டியை. வாயில் நுழையவில்லையா? கடையில் 'கிரிப்ட்' என்றாலே போதும்.

இதன் தாயகம் நம் பக்கத்து நாடான இலங்கை. அங்கே நிழலான ஓடைகளில் வளர்கிறது. 1958-ல் டி விட் என்ற நெதர்லாந்து தாவரவியலாளர் இதற்குப் பெயர் வைத்தார். நாம் சாப்பிடும் சேப்பங்கிழங்கும் இதுவும் ஒரே குடும்பம்!

ஏன் சிவப்பு?

இலையில் ஆந்தோசயனின் என்ற நிறமி இருக்கிறது. நாவல்பழம் தின்றால் நாக்கு கலராகுதே, அதே வகைதான். பச்சையமும் உள்ளேயே இருக்கிறது, சிவப்பு அதை மறைத்துவிடுகிறது. வெளிச்சம் ரொம்பக் குறைந்தால் சிவப்பு மங்கிப் பச்சை தெரியும்.

வளர்ப்பது எப்படி?

1. வேரை மட்டும் மணலில் புதைக்கணும். இலை கிளம்பும் குருத்து வெளியே தெரியணும்.

2. இது வேரால்தான் அதிகம் சாப்பிடும். செடிக்கான உர மாத்திரையை வேருக்குப் பக்கத்தில் மணலுக்குள் வைக்கலாம். யூரியா போட்டுடாதீங்க, மீன் செத்துடும்!

3. விளக்கு தினம் 6 முதல் 8 மணி நேரம் போதும். மெதுவாக வளரும் இலை என்பதால், வெளிச்சம் கூடினால் அதன்மேல் பாசி படிந்துவிடும்.

4. தண்ணீர் 22 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றணும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்த பிறகு ஊற்றுங்கள்.

5. கப்பி, மோலி மீன்கள் நல்லது. தங்கமீன் மணலைக் கிளறிச் செடியைப் பெயர்த்துவிடும்.

முக்கியமான விஷயம்!

இடம் மாறினால், தண்ணீர் மாறினால் இந்தச் செடியின் இலைகள் கூழ் மாதிரி கரைந்துவிடும். பார்த்தால் செத்த மாதிரியே இருக்கும். ஆனால் வேர் கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். அழுகிய இலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுக் காத்திருந்தால், சில வாரங்களில் புதுத் தண்ணீருக்கு ஏற்ற புது இலை வரும். பிறகு மணலுக்கடியில் தண்டு ஓடிக் குட்டிச் செடிகளும் முளைக்கும்.

நம் ஆய்வகத் தொட்டியில் போன வாரம் வைத்த செடி இப்போது இந்த நிலையில்தான் இருக்கிறது. "செத்துப்போச்சு, தூக்கிப் போடுங்கடா" என்று பலர் சொல்கிறார்கள். நான் பார்த்தேன், வேர் வெள்ளையாக, உறுதியாக இருக்கிறது. அதனால் நண்பர்களே, யாரும் பிடுங்காதீங்க, இடமும் மாத்தாதீங்க. அரையாண்டுத் தேர்வு முடியட்டும், பிறகு எல்லோரும் போய்ப் பார்ப்போம்.

– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு