வீட்டோடு மாப்பிள்ளையும் கிரேக்கத்து மாமனாரும்

விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் எவரையேனும் "வீட்டோடு மாப்பிள்ளை" என்று அழைத்துப் பாருங்கள், முகம் கறுத்துவிடும். பெண்ணைக் கணவன் வீட்டுக்கு அனுப்பிவைப்பதே இங்குள்ள வழக்கம். அதே சொல்லைக் காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ சொன்னால், "இதில் என்ன புதுமை?" என்பர். அங்கே மகளுக்கு வீடு கொடுப்பது பெற்றோர் பொறுப்பு. மணமகனே மனைவியின் இல்லம் புகுகிறார்.

காயலார் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே சம்பந்தம் செய்பவர்கள். ஆயினும் நம் பக்கத்து ராவுத்தர் வீட்டுப் பிள்ளையொருவர் அங்கே மணமகனாகச் செல்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுடன் போய் இறங்குவார். "அத்தா" என்றே பழகிய நாவு "வாப்பா" என்று சொல்லத் தடுமாறும். "காக்கா" என்ற குரல் கேட்டால் அண்ணாந்து பார்ப்பார். அண்ணனைத்தான் அப்படி அழைக்கிறார்கள் என்பது பிறகே விளங்கும். பெண்கள் புழங்கும் முடுக்கு எது, தாம் நடக்கவேண்டிய தெரு எது என்று தெளிவதற்குள் மறுவீட்டு விருந்தே முடிந்துவிடும்!

இந்த வேடிக்கையைத்தான் 2002இல் வெளியான 'மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்' என்னும் ஆங்கிலப் படம் காட்டிற்று. எழுதி நடித்த நியா வர்தலோஸ், கனடாவில் பிறந்த கிரேக்க வம்சாவளிப் பெண்மணி. தம் குடும்பக் கதையையே முதலில் தனிநபர் நாடகமாக நடித்தவர். சுமார் 50 லட்சம் டாலரில் உருவான படம் 36 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அமைதியான தாய் தந்தையைத் தவிர அதிகச் சுற்றமில்லாத இளைஞன், சிகாகோவின் கிரேக்கக் குடும்பமொன்றில் பெண் எடுக்கிறான். புலால் உண்ணேன் என்கிறான். அப்படியானால் ஆட்டிறைச்சி சமைக்கிறேன் என்கிறார் பெண்ணின் உறவுக்காரப் பெண்மணி! நம் வீட்டுப் பெரியவர்கள் தைலப் புட்டியை எடுப்பதுபோல, மாமனாரோ எந்த நோய்க்கும் கண்ணாடி துடைக்கும் திரவத்தையே தெளிக்கிறார். மணமகன் ஞானஸ்நானமும் பெறுகிறான். அது அவர்கள் சமயத்து விவகாரம், நமக்கு அதில் வேலையில்லை.

நமக்கு உறைக்கவேண்டியது இறுதிக் காட்சி. மாமனார் மணமக்களுக்கு ஒரு வீட்டையே பரிசளிக்கிறார், அதுவும் தம் வீட்டை அடுத்து! காயலார் பார்த்தால் நம்மவர் என்றே சொல்வர்.

வீடு பெண்ணுடையது, தாய் அருகிலிருக்கிறாள் என்பது பெண்ணுக்குப் பேரரண். கணவர் கடல் கடந்து பொருளீட்டும் ஊர்களில் இதன் அருமை தெரியும். ஆனால் நான்கு மகள்களைப் பெற்றவர் நான்கு வீடுகளுக்கு எங்கே போவார்? நம் பக்கத்திலோ வீட்டுக்குப் பதில் நகையும் கைக்கூலியும். வழக்கம் எதுவாயினும் வியர்ப்பது பெண்ணின் தந்தைக்கே.

திருமறையோ வேறுவிதமாகப் பேசுகிறது. பெண்களுக்கு மஹரை மனமுவந்து கொடுக்கும்படி அந்நிஸா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் ஆண்களுக்குக் கட்டளையிடுகிறது. மத்யன் நகரில் பெரியவர் ஒருவரின் மகளை மணக்க நபி மூஸா (அலை) அவர்கள் எட்டாண்டு, விரும்பினால் பத்தாண்டு உழைப்பதென உடன்பட்ட செய்தி அல்கஸஸ் அத்தியாயத்தில் உள்ளது. மாமனாரின் ஊரிலேயே தங்கி, உழைப்பைக் கொடுத்து மணந்த மாப்பிள்ளை அவர்!

சிவகாசியில் அச்சாகும் நம் அழைப்பிதழ்களில் விருந்து நேரம் தடித்த எழுத்தில் இருக்கும். மஹர் எவ்வளவு என்பது ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டில்தான் தெரியும். அடுத்த நிக்காஹில் அருகே அமர நேர்ந்தால், அங்கு எழுதப்படும் தொகையை, பெண் வீட்டிலிருந்து முன்பே சென்றுவிட்ட தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.