அரிசிக்கு யார் கதவு திறப்பது?

இலங்கையின் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கை ஒரே கூரையின் கீழ் இல்லை. பிற நாடுகளோடு பேசுவது ஒரு திணைக்களம். எதை இறக்குமதி செய்யலாம் என்று அனுமதிப்பது இன்னொன்று. தீர்வையை நிர்ணயிப்பது நிதியமைச்சு. இவற்றில் வெளியே அதிகம் பேசப்படுவது முதலாவது. மக்களின் சட்டைப்பையைத் தொடுவதோ மற்ற இரண்டும்தான்.

பேச்சுவார்த்தை வணிகத் திணைக்களத்தின் வேலை. உலக வர்த்தக அமைப்போடான அலுவல்களும், 2000 மார்ச் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்த இந்திய சுதந்திர வர்த்தக உடன்படிக்கையும், 2005இல் நடைமுறைக்கு வந்த பாகிஸ்தான் உடன்படிக்கையும் இதன் பொறுப்பில் வருபவை. ஏற்றுமதியாளர் இதன் வாசலுக்குப் போவது பெரும்பாலும் மூலச் சான்றிதழுக்காக. இந்தியாவுக்கு மிளகு அனுப்புபவர், அது இலங்கையில் விளைந்தது என்ற சான்றிதழைக் காட்டினால்தான் அங்கே சலுகை கிடைக்கும்.

திணைக்களம் நிலையாக இருந்தாலும் அதற்கு மேலுள்ள அமைச்சுகள் ஆட்சிக்கு ஆட்சி மாறுகின்றன. 2015இல் சர்வதேச வர்த்தகத்துக்கென்றே ஓர் அமைச்சு உருவானது. 2018 ஜனவரியில் கையெழுத்தான சிங்கப்பூர் உடன்படிக்கையை அதுவே முன்னின்று நடத்தியது. எதிர்ப்பு கிளம்பவே, அதே ஆண்டில் உடன்படிக்கையை ஆராய ஜனாதிபதி ஒரு நிபுணர் குழுவை நியமிக்க நேர்ந்தது. பின்னர் 2024ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கப் பொருளாதார நிலைமாற்றச் சட்டம், பேச்சுவார்த்தைக்கென சர்வதேச வர்த்தக அலுவலகம் ஒன்றுக்கு வழிவகுத்தது. பெயர்ப்பலகை மாறும் வேகத்தில் அனுபவமுள்ள அதிகாரிகள் உருவாவதில்லை. அமெரிக்கா 1960களிலேயே இந்தப் பணியை ஜனாதிபதியின் நேரடி அலுவலகம் ஒன்றிடம் கொடுத்து, இன்றுவரை அங்கேயே வைத்திருக்கிறது.

ஏற்றுமதியை ஊக்குவிக்க 1979இன் சட்டப்படி அமைந்த ஏற்றுமதி அபிவிருத்திச் சபை இருக்கிறது. இறக்குமதிக்குக் கடிவாளம் போடுவது இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களம். 1969ஆம் ஆண்டின் முதலாம் இலக்கச் சட்டமே இதன் பலம். அதன்கீழ் வெளியாகும் ஒரு வர்த்தமானி போதும், ஒரு பொருள் நாட்டுக்குள் வராமல் நிற்கும். 2020 மார்ச்சில் வாகனங்கள் நின்றது இப்படித்தான். தனியார் பாவனை வாகனங்களுக்கு வழி திறக்க 2025 பெப்ரவரி ஆனது.

தீர்வையின் கதை வேறு. 2007ஆம் ஆண்டின் விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டம், அரிசி, சீனி, வெங்காயம் போன்றவற்றுக்குக் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று கட்டளையிடும் அதிகாரத்தை நிதியமைச்சருக்குக் கொடுக்கிறது. துறைமுகத்தில் அதை அறவிடுவது சுங்கம். அதுவும் நிதியமைச்சைச் சேர்ந்தது.

இந்தக் கைகள் எல்லாம் ஒன்றாக அசைவதைப் பார்க்க அம்பாறை மாவட்டத்தின் சவளக்கடை போன்ற வயலூர்களுக்குத்தான் வரவேண்டும். அரிசி இறக்குமதிக்கு வழக்கமாக அனுமதிப்பத்திரம் வேண்டும். 2024 டிசம்பரில் சந்தையில் அரிசித் தட்டுப்பாடு வந்ததும் அந்த நிபந்தனை டிசம்பர் 20 வரை தளர்த்தப்பட்டது. பிறகு 2025 ஜனவரி 10 வரை நீடிக்கப்பட்டது. கிலோவுக்கு 65 ரூபாய் அறவீடு மட்டும் அப்படியே இருந்தது. வாங்கித் தின்பவருக்கு அந்த 65 ரூபாய் சுமை. வேளாண்மை செய்பவருக்கு அதுவே வேலி. கதவு மூடும்போது அம்பாறைக் கரையோர வயல்களில் பெரும்போகப் பயிர் வெட்டுக்குக் காத்திருந்தது.