மேல்காற்றுக்கு எதிரே ஓடும் சாலை

ஆனி பிறந்து மேல்காற்று எழுந்துவிட்டால், செங்கோட்டையில் ஓடுகிறவருக்கு இரண்டே திசைகள்தான். மலையைப் பார்த்து ஓடலாம். மலைக்கு முதுகைக் காட்டி ஓடலாம். புளியரைப் பக்கம் போனாலும், கண்ணுப்புளிமெட்டு வழியாகக் குண்டாறு அணைக்குப் போனாலும், மேற்கே வைக்கிற ஒவ்வோர் அடியிலும் தரை கொஞ்சம் உயர்கிறது, காற்று நெஞ்சில் வந்து மோதுகிறது. திரும்பும்போது இரண்டும் நமக்குத் துணை. அப்படியானால் போகும்போது இழந்ததெல்லாம் வரும்போது திரும்பக் கிடைத்துவிட வேண்டும். ஆனால் ஓடிப் பார்த்தவர்களின் கால்கள் வேறு சொல்கின்றன. ஏன் அப்படி என்பதற்கான விடை இந்த ஊரின் மலையிலும் காற்றிலும் பாதி, நம் தசைகளில் பாதி இருக்கிறது.

முதலில் மலை. மேற்குத் தொடர்ச்சி மலை குமரிமுனை வரை ஏறத்தாழ 1600 கிலோமீட்டர் நீள்கிறது. அந்தச் சுவரில் வாசல்கள் மிகக் குறைவு. பெரிய வாசல் பாலக்காடு. தெற்கே சிறியதாக ஒன்று, செங்கோட்டைக்கு நேர் மேற்கே: ஆரியங்காவுக் கணவாய். 1904இல் கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு மீட்டர்கேஜ் ரயில் வந்தது இந்த வழியாகத்தான். அகலப்பாதையாக மாறி 2018இல் மீண்டும் முழுதாகத் திறந்ததும் இந்த வழியில்தான். மலைக்குக் கிழக்கே இருந்தும் இந்த ஊர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு (பின்னர் திருவாங்கூர்-கொச்சியோடு) சேர்ந்திருந்ததை இந்த வாசலை வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரிந்துகொள்ளலாம். ரயிலுக்கும் லாரிக்கும் வழிவிட்ட அதே இடைவெளியில் காற்றும் நுழைகிறது. அகன்ற வெளியில் பரவி வருகிற காற்று குறுகலில் நெருக்கப்படும்போது வேகம் கூடும். செங்கோட்டைக்காரர்கள் மேல்காற்றுக் காலத்தில் மாடியில் துணி காயப்போட இரண்டு கிளிப் போடுவது அதனால்தான்.

அந்தக் காற்று சும்மா வருவதில்லை. அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து, கேரளப் பக்கச் சரிவில் ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு நீராவியைத் தாங்க முடியாமல் மேகமும் மழையும் உண்டாகின்றன. பெருமழை அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வருவது மிச்சம்தான். அந்த மிச்சம்தான் குற்றாலத்துச் சாரல்.

தலைக்கு மேலே வெயில் அடிக்க, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் முகத்தில் சாரல் விழும் அதிசயத்தை இங்கே வந்தவர்கள் எல்லாரும் கண்டிருப்பார்கள். சின்னக் கணக்கு ஒன்று அதை விளக்கிவிடும். அரை சென்டிமீட்டர் விட்டமுள்ள கனத்த மழைத்துளி நொடிக்கு ஒன்பது மீட்டர் வேகத்தில் விழுகிறது. 0.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள சாரல்துளியோ நொடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேல்தான். இரண்டும் மலைமேலுள்ள மேகத்திலிருந்து, தரைக்கு 500 மீட்டர் உயரத்தில் ஒரே நேரத்தில் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். அந்த உயரத்தில் காற்று மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 10 மீட்டர். கனத்த துளி ஒரு நிமிடத்துக்குள் தரை தொட்டுவிடும். அதற்குள் காற்று அதை அரைக் கிலோமீட்டர்தான் தள்ளியிருக்கும். சாரல்துளி இறங்க ஏழு நிமிடம் ஆகும். அதற்குள் நாலு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்துவிடும். நம் நெற்றியில் படுகிற துளிக்குரிய மேகம் நம் தலைக்கு மேல் இல்லை. மலையடிவாரத்தைத் தாண்டி எங்கோ நிற்கிறது. சுளகில் புடைக்கும்போது மணி அருகிலும் உமி தள்ளியும் விழுவது போல, காற்று துளிகளைத் தரம்பிரித்துக் கிழக்கே கொண்டுவந்து போடுகிறது.

இதை உடம்பாலேயே உணரலாம் என்பதுதான் ஓடுகிறவருக்குக் கிடைக்கும் பேறு. செங்கோட்டையிலிருந்து குண்டாறு பக்கம் ஓடும்போது, ஊருக்குள் மூடுபனியளவே இருந்த சாரல், தோப்புகளைத் தாண்டும்போது கையில் எண்ணக்கூடிய துளியாகிறது; மலையடிவாரத்தில் அது மழையே ஆகிவிடுகிறது. அரை மணி நேர ஓட்டத்துக்குள் துளியின் அளவு மாறுவதைத் தோலே அளந்து சொல்லும். 36.10 அடி உயரமே உள்ள குண்டாறு அணை, தென்காசி மாவட்டத்து அணைகளில் பெரும்பாலும் முதலாவதாக நிரம்புவதும் இந்தக் கணக்கில் அடங்கும்: அது சிறியது, கனத்த துளிகள் விழும் இடத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து எதிர்த்திசையில் சுந்தரபாண்டியபுரம், சுரண்டை என்று போனால் துளியே கிடையாது. காற்று மட்டும் இருக்கிறது. அங்கே அந்தக் காற்றுக்குச் சூரியகாந்தி வயல்கள் தலையாட்டுகின்றன, காற்றாலைகள் சுற்றுகின்றன.

இனி உடம்பு. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 600 கலோரி செலவாகிறது. அதில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளிவருகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் சென்றுவிடும். ஆனால் சாரல் காலத்துக் காற்று ஏற்கெனவே ஈரமானது. வியர்வை சீக்கிரம் உலராது. அப்படியும் ஓட்டம் இதமாக இருப்பதற்குக் காரணம், தோலைவிடக் குளிர்ந்த காற்று தோலைத் தொட்டுத் தொட்டு வெப்பத்தை நேரடியாக வாரிக்கொண்டு போவதுதான். சித்திரையில் இதே சாலையில் நண்பகலில் ஓடினால் காற்றே நமக்கு வெப்பம் கொடுக்கும். அது வேறு ஓட்டம். என் யோசனை, அதை ஓடாமல் இருப்பதே நல்லது.

ஏற்றத்துக்கு உடம்பு என்ன விலை கொடுக்கிறது என்பதை ஆல்பர்ட்டோ மினெட்டி என்ற இத்தாலிய உடலியலாளரும் அவருடைய குழுவினரும் 2002இல் அளந்து வெளியிட்டார்கள். மலையோட்ட வீரர்களைச் சாய்வை மாற்றக்கூடிய டிரெட்மில்லில் ஓடவிட்டு, அவர்கள் இழுக்கும் ஆக்சிஜனை அளந்தார்கள். நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் ஏறும் சாலையில் செலவு சமதரையைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். அதே சாலையில் இறங்கும்போது செலவு குறைகிறது, ஆனால் ஏறும்போது கூடிய அளவுக்குக் குறைவதில்லை. நூற்றுக்கு இருபது மீட்டர் இறக்கத்தில் செலவு மிகக் குறைந்து, சமதரையின் பாதியாகிறது. அதைவிடச் செங்குத்தாக இறங்கினால் மறுபடி ஏறத் தொடங்குகிறது, ஏனென்றால் அங்கே கால் ஓடுவதைவிட்டுப் பிரேக் பிடிக்கும் வேலையைச் செய்கிறது. பண்பொழி திருமலைக்கோவிலுக்கு வளைந்தேறும் சாலையில் ஓடி ஏறிவிட்டுப் படிகள் வழியாக இறங்குகிறவர்களுக்கு இது ஆய்வுக்கூடம் இல்லாமலே தெரியும்.

காற்றுக்கும் இதே நியாயம்தான், இன்னும் கடுமையாக. 1953 எவரெஸ்ட் பயணத்தின் உடலியலாளரான கிரிஃபித் பியூ, 1970களின் தொடக்கத்தில் காற்றை எதிர்த்து ஓடுவோரின் ஆக்சிஜன் செலவை அளந்தார். காற்றின் எதிர்ப்பு, உடம்புக்கும் காற்றுக்கும் இடையிலான வேகத்தின் இருமடியாக வளரும். சாலையில் மேல்காற்று மணிக்கு இருபது கிலோமீட்டர், நாம் பத்து என்று கொள்வோம். எதிரே போகும்போது நம்மேல் மோதும் வேகம் முப்பது. திரும்பும்போது நம்மை முந்திச்செல்லும் வேகம் பத்துதான். முப்பதுக்கும் பத்துக்கும் மூன்று மடங்கு. விசையிலோ ஒன்பது மடங்கு. புளியரைக்குப் போகும்போது இரண்டு கிலோ எடையளவு விசை நெஞ்சைத் தள்ளும். திரும்பும்போது முதுகைத் தள்ளுவது கால் கிலோகூட இராது. இறக்கமும் காற்றும் சேர்ந்து உதவியும், போன சக்தி முழுதாகத் திரும்பி வராததன் காரணம் இந்தச் சமமின்மைதான்.

இறக்கத்துக்கு இன்னொரு விலையும் உண்டு, அது மறுநாள்தான் தெரியும். ஏறும்போது தொடைத்தசை சுருங்கியபடி உழைக்கிறது. இறங்கும்போது, நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிறது. அந்த உழைப்பில் தசையிழைகளில் நுண்ணிய சேதம் உண்டாகி, ஒருநாள் இரண்டு நாள் கழித்து வலி உச்சத்துக்கு வரும். மாடிப்படி இறங்கவே கைப்பிடியைத் தேட வேண்டியிருக்கும். வியப்பு என்னவென்றால், ஒருமுறை அப்படி வலித்த தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தில் மிகக் குறைவாகவே வலிக்கிறது. ஆகவே சமவெளியிலிருந்து வருகிற ஓட்டக்காரர் முதல் நாளே இறக்கத்தில் பாய்ந்துவிடாமல், சிறிய இறக்கம் ஒன்றை மெதுவாக ஓடிவிட்டு, சில நாள் விட்டு மறுபடி வருவது நல்லது.

எங்கே ஓடுவது என்பதிலும் கவனம் வேண்டும். கொல்லம் நெடுஞ்சாலையில் கேரளம் போகும் லாரிகள் ஓய்வதில்லை. புளியரைக்கு அப்பாலுள்ள வளைவுகளில் காலால் ஓடுவது ஆபத்து. வயல்களுக்கும் குளக்கரைகளுக்கும் நடுவே பண்பொழி, இலஞ்சிப் பக்கம் போகும் சிறிய சாலைகள் கண்ணுக்கும் காலுக்கும் நல்லவை. மேக்கரை, வடகரைப் பக்கத் தோட்டங்களுக்கு யானைகள் இறங்கும். இருள் பிரியாத நேரத்தில் அங்கே ஓடுவது யானைக்கும் நமக்கும் நல்லதல்ல. செண்பகாதேவி அருவிக்குப் போகும் மலைப்பாதை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வனத்துறையின் கட்டுப்பாட்டிலுள்ள காடு. அனுமதியில்லாமல் அங்கே கால்வைக்கக் கூடாது.

ஐப்பசியில் காற்று திசை மாறிவிடும். வடகிழக்குப் பருவம் தொடங்கியதும் மேற்கே ஏறுகிறவரின் முதுகில் மென்மையான கீழ்காற்று கைவைக்கும்; இறங்கி வருகிறவருக்கு அது எதிர்க்காற்று. மலை ஒரு பக்கமும் காற்று மறுபக்கமுமாகப் பிரிந்து நிற்கிற அந்த மாதங்களில், அதே சாலையை அதே வேகத்தில் ஓடிப் பார்த்தால், ஆனியில் வாங்கிய மூச்சில் ஏற்றத்துக்கு எவ்வளவு, மேல்காற்றுக்கு எவ்வளவு என்று பிரித்தறியலாம்.