பாய்லரில் எவ்வளவு சூடு வைக்கலாம்?

பிரிட்டனில் 2005க்குப் பிறகு வீடுகளில் பொருத்தப்பட்ட காஸ் பாய்லர்கள் பெரும்பாலும் 'கண்டென்சிங்' வகை. வாங்கும்போது 90 சதவீதத்துக்கு மேல் திறன் என்று சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் பல வீடுகளில் அந்தத் திறன் கிடைப்பதில்லை. பெரும்பாலும் குறை பாய்லரில் இருக்காது, அதில் வைத்திருக்கும் சூட்டில் இருக்கும்.

எரிவாயு எரியும்போது நீராவியும் உண்டாகிறது. வாயு தரும் வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அந்த ஆவிக்குள் போய்விடும். பழைய பாய்லர்கள் அதை அப்படியே புகைக்குழாய் வழியே வெளியே விட்டன. கண்டென்சிங் பாய்லர் ஆவியைக் குளிரவைத்து நீராக்கி, அந்த வெப்பத்தையும் பிடித்துக்கொள்கிறது. ஆவியைக் குளிர்விப்பது எது? ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் தண்ணீர்தான். அது சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் ஆவி நீராகும். பாய்லரை 75, 80 டிகிரியில் வைத்தால் திரும்பும் தண்ணீரே அதைவிடச் சூடாக இருக்கும். அப்புறம் புதுப் பாய்லரும் பழையதுபோலத்தான் வேலை செய்யும்.

காம்பி பாய்லர் (தொட்டியில்லாமல் சுடுநீரும் தருவது) என்றால் முகப்பில் இரண்டு சின்னங்கள் இருக்கும்: குழாய், ரேடியேட்டர். ரேடியேட்டர் பக்கத்தை 60க்கு இறக்குங்கள். ஓரிரு நாள் பார்த்து, வீடு போதிய சூடாக இருந்தால் 55. கடும் குளிரில் போதவில்லை என்றால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். இதனால் எரிவாயுவில் 6 முதல் 8 சதவீதம் வரை மிச்சமாகலாம் என்பது பொதுவான கணக்கு. அறை சூடாக முன்பைவிட நேரம் பிடிக்கும், ரேடியேட்டரைத் தொட்டால் முன்புபோலக் கை சுடாது. அதைப் பழுது என்று நினைத்து ஆளைக் கூப்பிட வேண்டாம். தனியாகச் சுடுநீர்த் தொட்டி உள்ள வீட்டில் மட்டும் கவனம் தேவை. லீஜியோனெல்லா கிருமி பெருகாமலிருக்கத் தொட்டி நீர் 60 டிகிரி வரை ஏற வேண்டும். அதற்குப் பாய்லரின் சூடு அதைவிடச் சற்று மேலே இருந்தாக வேண்டும். கைக்குழந்தையோ முதியவரோ இருக்கும் வீட்டில், மிச்சம் பிடிப்பதற்காக அறையைக் குளிரவிடக் கூடாது.

காம்பியில் 'ப்ரீஹீட்' வசதி இருந்தால் அணைத்துவிடலாம். யாரும் குழாயைத் திறக்காதபோதும் கொஞ்சம் தண்ணீரைச் சூடாக்கி வைத்திருக்கும் ஏற்பாடு அது. அணைத்தால் சுடுநீர் வரச் சில விநாடிகள் கூடும், அவ்வளவுதான். ரேடியேட்டரின் மேல்பகுதி குளிர்ந்து கிடந்தால் உள்ளே காற்று நிற்கிறது. ரேடியேட்டர் சாவியால் திறந்து காற்றை வெளியேற்றியபின் பாய்லரின் அழுத்தமானியையும் பாருங்கள். அடிப்பகுதி குளிர்ந்தால் துருச் சேறு படிந்திருக்கலாம், அதற்கு ஆள்தான் வேண்டும். ரேடியேட்டரை மறைத்து சோபா போடுவதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

பாய்லரின் மூடியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். அது எரிவாயு வேலைக்கான 'காஸ் சேஃப்' பதிவுள்ளவரின் வேலை. ஆண்டுச் சர்வீசுக்கு அவர் வரும்போது, வெளியே உள்ள குளிருக்கு ஏற்பச் சூட்டைத் தானே மாற்றிக்கொள்ளும் 'வெதர் காம்பன்சேஷன்' உங்கள் பாய்லரில் பொருத்த முடியுமா என்று கேளுங்கள். முடிந்தால், சூட்டை அடிக்கடி கூட்டிக் குறைக்கும் வேலை உங்களுக்கு இருக்காது.