சட்டம் வளர்த்த ஒரு குடும்பம்

தந்தையின் தொழிலை மைந்தன் மேற்கொள்ளுதல் நம் நாட்டிற் பழைய வழக்கு. பொன்வேலையும் வைத்தியமும் நாதசுரமும் தலைமுறை தலைமுறையாக இவ்வாறே கையளிக்கப்பட்டு வந்தன. வழக்கறிஞர் தொழிலோ பிறப்பால் எய்துவதன்று. பயிற்சியாலும் பரீட்சையாலும் எய்துவது. எனினும், பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கொழும்புத் தமிழரிடையே அதுவும் சில குடும்பங்களின் மரபாகவே அமைந்தது. அதற்குக் காரணம் யாது? அம்மரபு நாட்டுக்கு விட்டுச்சென்ற பயன் யாது? இவ்விரு வினாக்களுக்கும் குமாரசுவாமி முதலியார் குடும்பத்தின் வரலாறு தக்க விடை தருகின்றது.

இக்குடும்பத்தின் முதல்வராகிய குமாரசுவாமி முதலியார் (1783–1836) வழக்கறிஞரல்லர், மொழிபெயர்ப்பாளர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து அரசாங்க சேவையிற் சேர்ந்து, தேசாதிபதியின் தலைமை மொழிபெயர்ப்பு முதலியாராக உயர்ந்தார். சட்டநிரூபண சபையில் அங்கம் வகித்த முதல் தமிழரும் அவரே. அக்காலத்து இலங்கையிற் சட்டம் ஒன்றாயிருக்கவில்லை. கரையோரத்தில் உரோமன் டச்சுச் சட்டமும், யாழ்ப்பாணத் தமிழர்க்குத் தேசவழமையும், கண்டியர்க்கும் முஸ்லிம்களுக்கும் அவரவர்க்குரிய சட்டங்களும் வழங்கின. ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டளவில், தொகுக்கப்பட்ட தேசவழமை 1806இல் ஆங்கிலேயராற் சட்டமாக ஏற்கப்பட்டது. வழக்காடுவோர் மொழி ஒன்று, தீர்ப்புக் கூறுவோர் மொழி வேறு என்றிருந்த அந்நிலையில், இரு மொழியும் அறிந்தவரே சட்டத்துக்கு வாயிலாக நின்றனர்.

அவர் மைந்தர் சேர் முத்துக்குமாரசுவாமி (1834–1879) அவ்வாயிலைக் கடந்து உட்புகுந்தார். 1863இல் இலண்டன் லிங்கன்ஸ் இன் சட்டக் கழகத்திற் பாரிஸ்டராக ஏற்கப்பெற்றார். இங்கிலாந்தில் அவ்வுரிமை எய்திய முதல் இந்து அவரே என்பர். மொழிபெயர்ப்புப் பணியையும் அவர் கைவிட்டிலர். வாய்மையின் பொருட்டு அனைத்தையும் இழந்த அரிச்சந்திரன் கதையை அதே ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்டமை, தந்தையின் தொழில் மைந்தரிடத்து வேறு வடிவில் வளர்ந்தமையைக் காட்டும்.

முதலியாரின் மகள் செல்லாச்சியார், பொன்னம்பல முதலியாரை மணந்தார். அவர்தம் மக்கள் மூவர்: குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம். மூவரும் சட்டங் கற்றனர். தாய்மாமன் வழியும் பாட்டனார் வழியுமாக வந்த சூழல் அவர்க்குப் பெருந்துணையாயிற்று. கொழும்பிற் சட்டக் கல்லூரி 1874இலேயே தோன்றியது. அதற்கு முன்னர், அனுபவமிக்க ஒரு நியாயவாதியை அடுத்திருந்து பயில்வதே சட்டக் கல்வி. இராமநாதனும் சேர் றிச்சட் மோர்கனிடம் அவ்வாறே பயின்றார். நூல்கள் அரியன, விலை மிக்கன. முன்னைய தீர்ப்புகள் பலவும் அச்சேறாது நீதிமன்றப் பதிவேடுகளில் உறங்கின. ஆகவே, நூல்நிலையமும் பழக்கமுள்ள மூத்தோரும் வாய்த்த வீடே சட்டக் கல்லூரியாக விளங்கியது. தொழில் குடும்பத்துள் நின்றமைக்கு இதுவே முதன்மையான காரணம். குருதியைக் காரணங் கூறுவது பொருந்தாது.

ஆயின், தமக்கு வாய்த்த அவ்வறிவைச் சகோதரர் இருவர் வீட்டினுள்ளே பூட்டிவைத்தாரல்லர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் (1851–1930) உயர்நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புகளை, 1820ஆம் ஆண்டிலிருந்து தொடங்கித் தேடித் தொகுத்து அச்சிட்டார். ‘இராமநாதன் அறிக்கைகள்’ என வழங்கும் அத்தொகுதிகள் புதுக்கடை நீதிமன்றங்களில் நெடுங்காலம் எடுத்தாளப்பட்டன. முன்பு மூத்த வழக்கறிஞர் சிலரின் நினைவில் மட்டும் இருந்த தீர்ப்பை, நூலைத் திறக்கும் ஏழை மாணவனும் எடுத்துக்காட்ட இயன்றது. அவர் 1892இற் சொலிசிற்றர் ஜெனரலாகப் பதவியேற்றுப் பல்லாண்டு கடமையாற்றினார்.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் (1853–1924) கேம்பிரிட்ஜிற் கற்றுப் பாரிஸ்டராகி, போட்டிப் பரீட்சை வழியாக இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையரானார். நீதவானாகவும் மாவட்ட நீதிபதியாகவும் பணிபுரிந்த அவர், சிதறிக்கிடந்த இலங்கைக் குடியியற் சட்டத்தைச் சுருக்கித் தொகுத்து நூலாக்கினார். ஓய்வுபெற்றபின் தோட்டத் தொழிலாளர் பக்கம் நின்றார். ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைச் சிறையிலிடும் சட்டத்தை எதிர்த்து அவர் ஓயாது வாதாடினார். 1921இல் இயற்றப்பட்ட சட்டத்தால் அத்தண்டனை ஒழிந்தது. அத்தொழிலாளர் அவருக்குக் கட்டணம் செலுத்திய கட்சிக்காரரல்லர் என்பது கருதத்தக்கது.

1915ஆம் ஆண்டுக் கலகத்தின்போது இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. சிங்களத் தலைவர் பலர் சிறைப்பட்டனர். அக்காலை இராமநாதன் சட்டநிரூபண சபையில் அவ்வாட்சியின் கொடுமைகளை எடுத்துரைத்தார். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தும் இங்கிலாந்து சென்று முறையிட்டார். சட்டத்தை ஆள்வோரும் சட்டத்துக்கு அடங்கியவரே என்பது அவர் வாதத்தின் சாரம். எனினும், கலகத்தால் முஸ்லிம் மக்கள் உற்ற துயரத்துக்கு அவர் பேச்சுகள் உரிய இடந் தந்தில என்னும் குறை அவர்மீது உண்டு. பின்னர் டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையை விதந்துரைத்தபோது அவர் அதனை எதிர்த்தமையும் மறைத்தற்குரியதன்று. சட்ட அறிவை யாவர்க்கும் திறந்தவர், ஆட்சியுரிமையை யாவர்க்கும் திறக்கத் தயங்கினார். உயர்குடி மரபின் பெருமையும் எல்லையும் இங்கே ஒருங்கே புலனாகின்றன.

கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையிற் பொன்னம்பல முதலியார் கட்டிய சிவன் கோயிலை இராமநாதன் கருங்கற் றிருப்பணியாகப் புதுக்கினார். பொன்னம்பலவாணேசுவரம் இன்றும் அடியார் அனைவர்க்கும் உரியதாய் நிற்கின்றது. அக்குடும்பம் தொகுத்த சட்ட நூல்களும் அத்தகையனவே. அவற்றின் பயன் வழித்தோன்றல்களோடு நின்றுவிடவில்லை.

இன்று கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ பிறந்த மாணவன், குடும்பத்தில் வழக்கறிஞர் ஒருவருமின்றியே சட்டக் கல்லூரியிற் புகலாம். தமிழ் 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அரசகரும மொழியுமாயிற்று. நீதிமன்ற மொழி பற்றிய ஏற்பாடுகள் 1988இல் விரிவுபெற்றன. ஆயினும், தீர்ப்புகளும் சட்ட நூல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கும்வரை, தன் வழக்கைத் தானே விளங்கிக்கொள்ள இயலாத தமிழன் மொழிபெயர்ப்பாளனையே நோக்கி நிற்பான். குமாரசுவாமி முதலியார் தொடங்கிய அப்பணி இன்னும் முடிந்திலது. அதனைத் தொடர்வோர் எக்குடியிற் பிறப்பினும், அம்மரபின் உண்மையான உரிமையாளர் அவரே.