வெந்நீர்ச் செம்பும் குழந்தையின் வலிப்பும்

தலைக்குக் குளிக்கும் நாள் என்றால் நம் வீடுகளில் அது ஒரு சிறு விழாவே. விடியற்காலையிலேயே அடுப்பில் அண்டா ஏறும், நல்லெண்ணெய் காயும், சீயக்காய் குழையும். பிள்ளையை மணையில் உட்கார வைத்து, பொறுக்குமளவு சூட்டில் செம்பு செம்பாகத் தலையில் நீர் ஊற்றினால்தான் தாய்க்கும் பாட்டிக்கும் மனம் நிறையும். கர்நாடகத்தில் தீபாவளியை ஒட்டி வரும் ஒரு நாளையே 'நீரு தும்புவ ஹப்ப', அதாவது நீர் நிரப்பும் திருநாள், என்று போற்றுகின்றனர். அன்று குளியலறைக் கொப்பரையைத் துலக்கி, அலங்கரித்து, மறுநாள் குளியலுக்காக நீர் நிரப்பி வைப்பர்.

இத்துணை மங்கலமான குளியலின் நடுவே, சில பிள்ளைகளிடம் ஒரு மாற்றம் தோன்றுவதுண்டு. நான்கைந்து செம்பு நீர் விழுந்ததும் பிள்ளையின் பார்வை ஓரிடத்தில் நிலைக்கும். அழைத்தால் விடை வராது. பொருளற்ற சொற்கள் சில வாயிலிருந்து உதிரும். கை எதையோ தேடித் துழாவும். சிலருக்கு உடல் விறைத்துக் கைகால்கள் வெட்டி இழுக்கும். ஓரிரு நிமிடங்களில் அது அடங்கிவிடும். வீட்டார் 'சூடு தலைக்கேறிவிட்டது' என்பர்; 'தண்ணீரைக் கண்டு பயந்துவிட்டான்' என்பர்; சிலர் மந்திரிக்க அழைத்துச் செல்வர். அடுத்த வாரக் குளியலில் அதே நிகழ்ச்சி மீண்டும் நேரும்.

இதற்கு மருத்துவ உலகம் இட்டுள்ள பெயர் 'வெந்நீர் வலிப்பு'. உலகிலேயே இந்நோய் மிகுதியாகப் பதிவாகியிருக்கும் நிலப்பகுதி நமக்கு மிக அண்மையில், தென் கர்நாடகத்தில் உள்ளது. அதன் இயல்பை ஆராய்ந்து உலகுக்கு உணர்த்திய நகரம் பெங்களூரு. அவ்வாராய்ச்சியின் கதையையும், அதிலிருந்து பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டியவற்றையும் இவ்விதழில் வாசகர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஓசூர் சாலையில் ஓர் ஆராய்ச்சி

பெங்களூரு ஓசூர் சாலை வழியே செல்வோர் எவரும் 'நிம்ஹான்ஸ்' வளாகத்தைக் காணாமல் செல்ல இயலாது. தேசிய மனநல மற்றும் நரம்பியல் நிறுவனம் என்பது அதன் முழுப் பெயர். 1954ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அகில இந்திய மனநல நிறுவனமும், அதனினும் பழமையான அரசு மனநல மருத்துவமனையும் 1974ஆம் ஆண்டு இணைந்து இந்நிறுவனம் உருவாயிற்று. நாட்டின் தென்பகுதி முழுவதிலிருந்தும் வலிப்பு நோயாளர் இங்கு வருகின்றனர்.

வெந்நீர்க் குளியலால் வலிப்பு வந்ததாக முதன்முதலில் மருத்துவ இதழொன்றில் எழுதப்பட்டது 1945ஆம் ஆண்டில், நியூசிலாந்தில். அது ஒரு சிறுவனைப் பற்றிய குறிப்பு. அரியதொரு விந்தை என்ற அளவில் நின்றுவிட்டது. ஆனால் பெங்களூருவில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் கே.எஸ். மணி, தம்மிடம் வரும் பிள்ளைகளின் தாய்மார் பலர் ஒரே செய்தியைச் சொல்வதைக் கவனித்தார். 'தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது மட்டும்தான் வருகிறது' என்பதே அச்செய்தி. அதை அவர் புறந்தள்ளவில்லை. 1968ஆம் ஆண்டு தொடங்கி அவரும் அவருடன் பணியாற்றியோரும் இவ்வலிப்பைப் பற்றி எழுதினர். பதிவான நோயாளரின் எண்ணிக்கை சில ஆண்டுகளில் நூற்றைக் கடந்தது.

அப்பணியை நிம்ஹான்ஸில் விரிவாகத் தொடர்ந்தவர், பின்னாளில் அந்நிறுவனத்தின் இயக்குநராகவும் விளங்கிய மருத்துவர் பி. சதீஷ்சந்திரா. அவரும் அவர்தம் குழுவினரும் 279 நோயாளரை ஆராய்ந்து 1988ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை, இன்றளவும் இத்துறையில் முதன்மையான சான்றாக விளங்குகிறது. அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு வந்தது, உணர்வு மங்கிப் பார்வை நிலைக்கும் வகை வலிப்பு. எஞ்சியோருக்கு உடல் முழுவதும் வெட்டி இழுக்கும் வகை. இந்நோய் பெரும்பாலும் இளம் பருவத்தில் தொடங்குவதும், ஆண் பிள்ளைகளிடம் மிகுதியாகக் காணப்படுவதும், சில குடும்பங்களில் ஒருவருக்கு மேற்பட்டோரைப் பற்றுவதும் தெளிவாயின.

குளிக்கும் முறையில் இருந்த விடை

உலகில் வெந்நீரில் குளிக்காதோர் இல்லை. பிறகு ஏன் இந்நோய் இங்கு மட்டும் இத்துணை மிகுதி? ஆராய்ச்சியாளர் விடையைத் தேடிச் சென்ற இடம் குளியலறை. இப்பகுதியில் நாள்தோறும் தலைக்குக் குளிக்கும் வழக்கம் குறைவு. சில நாட்களுக்கு ஒருமுறை அது நிகழும். அன்று பயன்படும் நீரின் வெப்பம் பெரும்பாலும் 40 முதல் 50 டிகிரி செல்சியஸ். நம் உடலின் இயல்பான வெப்பமோ 37 டிகிரி. அவ்வெந்நீரைச் செம்பால் முகந்து, இடைவெளியின்றி நேரே உச்சந்தலையில் ஊற்றுகிறோம்.

நீரின் சூடு, அது தலையில் படுதல், விரைந்து விரைந்து ஊற்றுதல் ஆகிய மூன்றும் ஒன்றுசேரும்போது, இயல்பிலேயே இதற்கு ஆட்படக்கூடிய மூளையில் வலிப்பு தூண்டப்படுகிறது. உடல் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் மூளையின் ஏற்பாட்டில் இவர்களுக்கு ஏதோ ஒரு தளர்வு உண்டு என்பது பெங்களூரு ஆராய்ச்சியாளரின் கருத்து. எலிகளின் மீது வெந்நீரைப் பாய்ச்சி நிம்ஹான்ஸில் நடத்திய சோதனைகளும் இக்கருத்துக்கு வலுச் சேர்த்தன. காய்ச்சலின்போது சில குழந்தைகளுக்கு வலிப்பு வருவதை நாம் அறிவோம். வெந்நீர் வலிப்பு கண்டோருள் ஒரு பகுதியினர், மழலைப் பருவத்தில் அத்தகைய காய்ச்சல் வலிப்புக்கு ஆளானவர்களே. மரபணுவின் பங்கை அறிய, பெங்களூருவிலுள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையமும் நிம்ஹான்ஸும் இணைந்து பாதிக்கப்பட்ட குடும்பங்களை ஆராய்ந்து வருகின்றன.

இன்னொன்றையும் ஆராய்ச்சி வெளிப்படுத்தியது. சில நோயாளருக்கு வலிப்பு தொடங்கும் தருணத்தில் ஒருவகை இன்ப உணர்வு தோன்றுகிறது. அவர்கள் நிறுத்த மனமின்றி, நினைவு தவறும் வரை தாமே மேலும் மேலும் நீரை ஊற்றிக்கொள்கின்றனர். இதைப் பிடிவாதம் என்று எண்ணிப் பிள்ளையைத் தண்டித்தல் பெரும் பிழையாகும்.

எளிய தீர்வு, காலத்தில் வேண்டும்

மகிழ்ச்சிக்குரிய செய்தி யாதெனில், இந்நோய் பெரும்பாலும் கட்டுக்குள் வரக்கூடியது. முதல் மருந்து குளியலறையிலேயே உள்ளது. நீரின் சூட்டை வெதுவெதுப்பான அளவுக்குக் குறைத்தாலே பலருக்கு வலிப்பு வாராது. அதுவும் போதாதவர்களுக்கு, தலைக்குக் குளிக்கும் நாளில் மட்டும், குளிப்பதற்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் முன்னதாக 'குளோபசாம்' என்னும் மாத்திரையை மருத்துவர்கள் அளிக்கின்றனர். இம்முறையால் விளைந்த பயனைப் பெங்களூரு மருத்துவர்களைப் போன்றே சென்னை மருத்துவர்களும் பதிவு செய்துள்ளனர். இம்மருந்தை மருத்துவரின் சீட்டின்றித் தாமே வாங்கிக் கொடுத்தல் கூடாது.

அலட்சியம் செய்தால் நேர்வது என்ன? கணிசமான நோயாளருக்கு, சில ஆண்டுகள் கழித்துக் குளியலே இல்லாத வேளையிலும் வலிப்பு வரத் தொடங்குகிறது. அப்போது நாள்தோறும் மருந்து உட்கொள்ள வேண்டியதாகிறது. அது சாலையில் நடக்கும்போதோ, கிணற்றடியில் நிற்கும்போதோ நேர்ந்தால் உயிருக்கே தீங்காக முடியும்.

வெந்நீரில் மயங்குவதெல்லாம் வலிப்பு அன்று என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். சூட்டால் இரத்த அழுத்தம் தாழ்ந்தும் சிலர் மயங்குவதுண்டு. எது எது என்று பிரித்தறிவது மருத்துவரின் பணி.

மறைத்தலால் வரும் கேடு

அப்பணிக்குக் கருவிகள் மட்டும் துணையாவதில்லை. மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. சோதனை, வலிப்பு இல்லாத வேளையில் எடுக்கப்படும்போது, வெந்நீர் வலிப்பு உடையோருள் பெரும்பாலோருக்கு இயல்பாகவே தோன்றுகிறது. ஆகவே 'சோதனையில் ஒன்றுமில்லை' என்பதனாலேயே நோய் இல்லை என்று முடிவு செய்தல் இயலாது. மருத்துவருக்கு வழிகாட்டுவது, நேரில் கண்ட தாயின் வாய்மொழியே.

அவ்வாய்மொழிதான் பல வீடுகளில் அடைபட்டுக் கிடக்கிறது. 'வெளியே தெரிந்தால் பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்க மாட்டார்கள்' என்னும் அச்சமே அதற்குக் காரணம். அவ்வச்சத்துக்கு ஒரு காலத்தில் சட்டமும் இடம் கொடுத்திருந்தது. இந்து திருமணச் சட்டத்தில், திருமணத்துக்குத் தடையாகக் கூறப்பட்டவற்றுள் அடிக்கடி வரும் வலிப்பும் ஒன்றாக இருந்தது. 1999ஆம் ஆண்டுத் திருத்தம் அச்சொல்லை நீக்கிவிட்டது. சட்டம் விட்டொழித்த களங்கத்தை நாம் இன்னும் நெஞ்சில் சுமக்க வேண்டியதில்லை.

பெற்றோர் செய்யத் தக்கவை

பிள்ளைக்கு ஒருமுறை இவ்வாறு நேர்ந்திருப்பின், நிகழ்ந்ததை அன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். எத்தனையாவது செம்பில் தொடங்கியது, கண் எப்பக்கம் திரும்பியது, எவ்வளவு நேரம் நீடித்தது, பின்னர் பிள்ளை உறங்கியதா என்பவை அதில் இடம்பெறட்டும். இன்னொருவர் அருகில் இருந்து கைப்பேசியில் படம் பிடிக்க முடிந்தால் மருத்துவருக்கு அது பேருதவி.

முந்தைய இரவு பிள்ளை எவ்வளவு நேரம் உறங்கியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உறக்கக் குறைவு எவ்வகை வலிப்பையும் எளிதில் தூண்டக்கூடியது. இதனாலேயே சில வேளைகளில், பிள்ளையை இரவில் குறைவாக உறங்கச் செய்து அழைத்துவரச் சொல்லி, உறங்கும்போது இ.இ.ஜி. எடுக்கின்றனர், விழிப்பில் மறைந்திருக்கும் மாறுபாடுகள் உறக்கத்தில் வெளிப்படுவதுண்டு. தீபாவளி நாளில் பின்னிரவிலேயே எழுப்பி, அரைத் தூக்கத்தில் தலைநிறைய வெந்நீர் ஊற்றும் வழக்கத்தை, வலிப்பு உள்ள பிள்ளையின் பொருட்டுச் சற்றே தளர்த்திக்கொள்ளலாம். நன்கு உறங்கி எழுந்து, வெதுவெதுப்பான நீரில் குளித்தாலும் அது கங்கா ஸ்நானமே.

வாளியில் முதலில் தண்ணீரை ஊற்றி, அதன்பின் வெந்நீரைக் கலந்து, முழங்கையால் சூட்டைப் பாருங்கள். கீசரின் வெப்ப அளவைக் குறைத்து வையுங்கள். உடம்புக்கு முதலில் ஊற்றி, தலைக்குச் சிறிது சிறிதாக இடைவிட்டு ஊற்றுங்கள். குளியலறைக் கதவை உட்புறம் தாழிட விடாதீர்கள்.

வலிப்பு வந்துவிட்டால் நீர் ஊற்றுவதை உடனே நிறுத்தி, பிள்ளையை ஈரமற்ற இடத்தில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டா. கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் பயனில்லை. கைகால்களை அழுத்திப் பிடிப்பதும் கூடாது. ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பாமல் மீண்டும் வந்தாலோ, 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்கு விரையுங்கள்.

பெங்களூருவில் இந்நோய்க்கு வழி பிறந்தது பெரிய கருவிகளால் அன்று. தாய்மார் கூச்சமின்றிச் சொன்னதை ஒரு மருத்துவர் செவிகொடுத்துக் கேட்டதனால். உங்கள் இல்லத்திலோ உறவிலோ இத்தகைய பிள்ளை இருப்பின், இக்கட்டுரையை மடித்து வைக்குமுன் அவ்வீட்டாரிடம் ஒரு சொல் சொல்லுங்கள். அடுத்த எண்ணெய்க் குளியலுக்கு முன் அவர்கள் ஒரு நரம்பியல் மருத்துவரைக் காண்பார்களாயின், நாம் இதை எழுதியதன் பயன் நிறைவேறிவிடும்.